சர்க்கரைக் கட்டி அளவு பொருளுக்குள் 4 ஆயிரம் கிலோ மீட்டர் கோடு!
கம்ப்யூட்டர் காட்டும் அதிசயம்

நெருப்பு எரியவில்லை. சக்கரம் சுழலவில்லை. ஆனாலும் மின்சாரம் பிறக்கிறது!

இப்படி மின்சாரம் தரும் கருவிக்கு "எரிபொருள் மின்கலம்" என்று பெயர். பிரிட்டனைச் சேர்ந்த வில்லியம் குரோவ் 1839-ம் ஆண்டில் இதன் தத்துவத்தைக் கண்டறிந்தார். பீங்கானை வைத்து இதைச் செய்யலாம் என்று 1937-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் எமில் பவுர், ஹான்ஸ் பிரைஸ் என்ற இருவர் காட்டினார்கள்.

நடுவில் மெல்லிய பீங்கான் தகடு. ஒரு பக்கம் காற்று. மறு பக்கம் ஹைட்ரஜன் வாயு. சூடு 600 முதல் 1,000 டிகிரி வரை. அந்தச் சூட்டில், காற்றில் உள்ள ஆக்சிஜன் மின்னூட்டம் பெற்று, பீங்கானுக்குள் புகுந்து மறு பக்கம் வருகிறது. அங்கே ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவி ஆகிறது. அப்போது விடுபடும் மின்சாரம் கம்பி வழியாக ஓடுகிறது.

பூந்தி லட்டு

ஹைட்ரஜன் பக்கத்தில் பீங்கான் மீது ஒரு பூச்சு உண்டு. அதுதான் மின்முனை. பூந்தி லட்டைப் பாருங்கள். மணிகள் ஒட்டியிருக்கும், நடுநடுவே இடைவெளி இருக்கும். மின்முனையும் அப்படித்தான். சில மணிகள் நிக்கல். சில மணிகள் பீங்கான். இடையே கண்ணுக்குத் தெரியாத துளைகள்.

துளை வழியே வாயு வரும். பீங்கான் வழியே ஆக்சிஜன் வரும். நிக்கல் வழியே மின்சாரம் போகும். மூன்றும் கூடும் கோட்டில்தான் வேலை நடக்கும்!

துளை அதிகமானால் மணிகள் குறையும். துளை குறைந்தால் வாயு திணறும். எது சரியான அளவு?

படம் பிடித்தார்கள்

2006-ம் ஆண்டில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஒரு மின்முனையை மிக மெல்லிய சீவல்களாகச் சீவினார்கள். கத்தியால் அல்ல, அயனிக் கதிரால்! ஒவ்வொரு சீவலுக்கும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஒரு படம். படங்களை அடுக்கி, கம்ப்யூட்டர் முழு உருவத்தையும் காட்டியது.

அந்தக் கோட்டின் நீளம் என்ன தெரியுமா? ஒரு கன சென்டி மீட்டருக்கு 4 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல்! இந்தியாவின் வடகோடியில் இருந்து தென்கோடிக்கு உள்ள தூரமே 3,214 கிலோ மீட்டர்தான்.

ஆனால் அத்தனையும் பயன்படாது. மற்ற மணிகளைத் தொடாமல் தனித்து நிற்கும் மணியால் லாபம் இல்லை.

கம்ப்யூட்டர் சொல்லும் பாடம்

இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே மணிகளைக் குவித்துப் பார்க்கிறார்கள். சம அளவு மணிகளில் ஒரு வகை சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் சங்கிலி அறுந்துவிடும். வேலையில் பெரும்பகுதி, பீங்கான் தகட்டை ஒட்டி, ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழத்தில்தான் நடக்கிறது. ஆகவே அங்கே பொடி மணிகள் போதும். அதற்கு அப்பால் வாயு தாராளமாக வரப் பெரிய துளைகள் வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நாளாக ஆக, சூட்டில் நிக்கல் மணிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெருக்கின்றன. கோடு குறைகிறது. மின்சாரமும் குறைகிறது.

ஜப்பானில் 2011-ம் ஆண்டில் இத்தகைய பீங்கான் மின்கலம் வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தது. வீட்டில் வைக்கும் பொருள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டாமா? அதனால்தான் இந்தக் கணக்கு.

எனினும் கம்ப்யூட்டரின் சொல்லே முடிவு அல்ல. நூறு கலவைகளில் நல்லது எது என்று அது பொறுக்கித் தரும். உலைச் சூட்டில் அது தாங்குமா என்பதைச் சோதித்த பிறகே தீர்ப்பு!