கனமில்லாக் கவசம்

பள்ளியில் மாறுவேடப் போட்டி அறிவிக்கப்படுகிறது. கமுந்திங்கில் பயிலும் மாணவன் ஒருவன் விண்வெளிப் படைவீரனாக வேடமிட விரும்புகிறான் என வைத்துக்கொள்வோம். கடையில் விற்கும் ஆயத்த உடையின் விலை அவன் குடும்பத்திற்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒட்டி, வெள்ளைச் சாயம் பூசிக் கவசம் தயாரிக்கிறான். போட்டி நாளன்று மழை பெய்கிறது. பள்ளி வாயிலிலிருந்து மண்டபத்தை அடைவதற்குள் தோள்பகுதி ஊறித் தொங்குகிறது. மார்புப்பகுதி இரண்டாக மடிந்துவிடுகிறது. இரண்டு வார உழைப்பு நீரோடு போகிறது.

அவனுடைய கற்பனையில் குறையில்லை. பொருளைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை. தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களுள் ஒன்று தைப்பிங். அதன் அண்டை ஊரான கமுந்திங்கும் ஈரக்காற்று நிறைந்தது. இங்கே காகித அட்டை நம்பத்தக்க பொருளன்று. அப்படியானால், அறிவியல் புனைகதை வீரரின் கவசத்தை வீட்டில் எதைக் கொண்டு செய்யலாம்? எப்படிச் செய்யலாம்? இனி விரிவாகக் காண்போம்.

கண்ணுக்குக் கனம், உடலுக்கு இலேசு

உண்மையான போர்க்கவசத்தின் வேலை, வாள்வீச்சைத் தடுப்பது. அதனால்தான் ஐரோப்பிய வீரர்களின் முழு இரும்புக் கவசம் 15 முதல் 25 கிலோகிராம் வரை எடை கொண்டிருந்தது. வேடத்திற்கான கவசத்தின் வேலையோ வேறு. அது எதையும் தடுக்க வேண்டியதில்லை. பார்ப்பவரின் கண்ணை நம்ப வைத்தால் போதும்.

இந்த உண்மையை நம் கூத்துக் கலைஞர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் இன்றும் நிகழ்த்தப்படும் தெருக்கூத்தில் அர்ச்சுனனும் துரியோதனனும் பெரிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் அணிந்து அரங்கேறுவார்கள். விளக்கொளியில் அவை பொன்னால் ஆனவைபோல் மின்னும். ஆனால், அவை கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கப்பட்டவை. மேலே வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டப்பட்டிருக்கும். கனமான உலோகத்தை அணிந்தால், விடிய விடிய எப்படிச் சுழன்று ஆட முடியும்?

திரைப்பட உலகமும் இதே வழியைத்தான் பின்பற்றியது. 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் வரும் வெண்ணிறப் படைவீரர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களுடைய கவசம் வெறும் நெகிழித் தகடு. தகட்டைச் சூடாக்கி இளக்கி, ஓர் அச்சின்மீது வைத்து, அடியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். தகடு அச்சோடு ஒட்டி அதே வடிவத்தைப் பெற்றுவிடும். அந்தத் தலைக்கவசம் ஒரு சிற்பமா, இல்லையா என்ற வழக்குகூட இங்கிலாந்தில் எழுந்தது. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சிற்பமன்று. திரைப்படத்திற்குப் பயன்பட்ட பொருள் என்று தீர்ப்பளித்தது.

காற்றை உறிஞ்சும் இயந்திரம் நம் வீட்டில் இல்லை. ஆனால், அதற்கு ஈடான எளிய பொருள் ஒன்று உண்டு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்து விரிக்கப்படும் மெத்தென்ற நுரைப்பாயே அது. எத்திலீன் வினைல் அசிடேட் என்பது அதன் மூலப்பொருளின் பெயர், சுருக்கமாக ஈ.வி.ஏ. என்பர். சப்பாத்தின் அடிப்பகுதியிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இது இலேசானது, நீரை எளிதில் உறிஞ்சாது, சூடாக்கினால் வளையும், ஆறினால் வளைந்த வடிவத்திலேயே நிற்கும். பழைய நுரைப்பாய் வீட்டில் இருந்தால் அதையே மறுபயனீடு செய்யலாம்.

அளவெடுத்தல்

கவசம் செய்வதில் மிக முக்கியமான வேலை கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில், விரும்பும் வீரரின் படங்களை முன்புறம், பின்புறம், பக்கவாட்டு எனப் பல கோணங்களில் சேகரிக்க வேண்டும். பின்னர், கவசத்தைத் தலை, மார்பு, முதுகு, தோள், முன்கை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் எனப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, உடலின் அளவை எடுக்க வேண்டும். பழைய சட்டை ஒன்றை அணிந்துகொண்டு, அதன்மேல் மெல்லிய நெகிழித்தாளைத் தளர்வாகச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்றி எதையும் ஒட்டக் கூடாது. கவசத்தின் விளிம்புகளை ஒட்டுநாடாவின் மீது பேனாவால் வரையுங்கள். பிறகு, பெரியவர் ஒருவர் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் முதுகுப்புறமாக வெட்டிக் கழற்றட்டும். அந்த உறையைக் கோடுகளின் வழியே வெட்டி விரித்தால், உங்கள் உடலின் வடிவம் தட்டையான வரைபடமாகக் கிடைக்கும்.

வலப்பக்கத்தை மட்டும் தாளில் படியெடுத்து, அதையே திருப்பி வைத்து இடப்பக்கத்தை வரைந்தால் இரண்டும் ஒரே அளவில் அமையும். நுரைப்பாயை வெட்டுவதற்கு முன் பழைய நாளிதழில் ஒரு மாதிரி செய்து அணிந்து பாருங்கள். தாளில் செய்த பிழையைத் திருத்தச் சில நிமிடங்கள் போதும். பாயில் செய்த பிழைக்குப் புதிய பாய்தான் வாங்க வேண்டும்.

வெட்டுதல், வளைத்தல், ஒட்டுதல்

மார்புக்கும் முதுகுக்கும் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாய் ஏற்றது. கைக்கும் காலுக்கும் 5 மில்லிமீட்டர் போதும். அலகு கூர்மையான கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் இரண்டு மூன்று முறை மெல்ல இழுக்க வேண்டும். மழுங்கிய அலகுதான் பாயைப் பிய்க்கும். அழுத்தம் கொடுக்கும்போது வழுக்கிக் கையையும் பதம் பார்க்கும். அலகின் பாதையில் மற்றொரு கை இருக்கக் கூடாது.

வெட்டிய துண்டுகளை வளைக்க, சாயத்தை உரிக்கப் பயன்படும் வெப்பக்காற்றுக் கருவி தேவை. இது 300 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தை ஊதவல்லது. ஆகவே, பெரியவர் ஒருவரின் துணையின்றி இதைத் தொடாதீர்கள். கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மங்கலாக இருந்த பாயின் மேற்பரப்பு சற்றே பளபளக்கும். வெப்பத்தால் அதன் நுண்துளைகள் மூடிக்கொள்வதன் அடையாளம் அது. உடனே தடித்த கையுறை அணிந்து, பாயை ஒரு பானையின் மீதோ வாளியின் மீதோ வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

ஒட்டுவதற்குச் சப்பாத்துத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசை ஏற்றது. இரண்டு விளிம்புகளிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிடங்கள் ஆகும். பலர் தவறு செய்வது இங்கேதான். ஈரப்பசையோடு ஒட்டினால் விளிம்புகள் வழுக்கிப் பிரியும். உலர்ந்தபின் சேர்த்தால் தொட்ட கணமே பிடித்துக்கொள்ளும். மறுபடி நகர்த்த இயலாது. இப்பசையின் ஆவி தலைச்சுற்றலைத் தரும். தீயும் எளிதில் பற்றும். எனவே, காற்றோட்டமான ஐந்தடியிலோ வெளி முற்றத்திலோ வைத்து ஒட்டுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ வேண்டா.

பால்மரம் தந்த மேற்பூச்சு

நுரைப்பாயின்மேல் நேரடியாகச் சாயம் பூசினால் அது வளையும்போது வெடித்து உதிரும். எனவே, முதலில் ஓர் அடிப்பூச்சு தேவை. இதற்கு நீர் கலந்த வெள்ளைப் பசையைப் பல முறை பூசுவோர் உண்டு. மற்றொரு வழி, ரப்பர் பால்.

பேராக் மக்களுக்கு ரப்பர் பாலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களுள் அடங்கும். பின்னர் உருவான தோட்டங்களில் நம் தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்தார்கள். அந்தப் பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலக்கப்படும். இப்படிப் பதப்படுத்திய பாலைத் தூரிகையால் பாயின்மேல் பூசி உலரவிட்டால், மெல்லிய தோல்போல் படியும். பாய் வளையும்போது அதுவும் நீளும், வெடிக்காது. ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். அத்தகையோர் வெள்ளைப் பசையையே பயன்படுத்த வேண்டும்.

அடிப்பூச்சு உலர்ந்ததும் விரும்பிய நிறத்தைப் பூசலாம். விளிம்புகளில் மட்டும் வெள்ளிச் சாயத்தை உலர்ந்த தூரிகையால் இலேசாகத் தேய்த்தால், உலோகத்தின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளிருப்பது தெரிவதுபோல் தோன்றும். கண்ணுக்குக் கனத்தைக் கொடுப்பது இந்தச் சிறு வேலைதான்.

அணிவோரின் பாதுகாப்பு

பகுதிகளை மீள்பட்டையாலும் ஒட்டுப்பட்டையாலும் இணைத்தபின், முழுக் கவசத்தையும் அணிந்து வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உட்கார முடிகிறதா? படியேற முடிகிறதா? கையைத் தலைக்குமேல் தூக்க முடிகிறதா? பிறர் உதவியின்றித் தலைக்கவசத்தை உடனே கழற்ற முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால், அதைத் திருத்தியமைக்க வேண்டும்.

நம் நாட்டின் வெப்பத்தில் இது விளையாட்டன்று. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நுரைப்பாய் காற்றைத் தடுப்பதால் வியர்வை உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, தலைக்கவசத்தின் வாய்ப்பகுதியிலும் பின்புறத்திலும் காற்றுத் துளைகள் விட வேண்டும். அரைமணி நேரத்திற்கு ஒருமுறையாவது தலைக்கவசத்தைக் கழற்றி நீர் அருந்த வேண்டும். பக்கவாட்டுப் பார்வை மறைக்கப்படுவதால், நண்பர் ஒருவர் எப்போதும் உடன் நடக்க வேண்டும்.

வீரர் என்றால் ஆயுதம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். மலேசியாவில் உண்மைபோல் தோன்றும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். வெறுங்கையோடு நிமிர்ந்து நிற்கும் வீரரே போதும்.

வேடத்திற்கு அப்பால்

1997இல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் என்பவர், தம்மைப்போல் வெண்கவசம் செய்து அணிவோரை ஒன்றுசேர்த்து ‘501ஆவது படையணி’ என்ற குழுவைத் தொடங்கினார். அவர் விபத்தில் ஒரு காலை இழந்தவர். இன்று அக்குழு பல நாடுகளில் பரவியுள்ளது. உறுப்பினர்கள் நோயுற்ற குழந்தைகளைக் காண மருத்துவமனைகளுக்குச் செல்கிறார்கள், நன்கொடை திரட்டுகிறார்கள்.

ஆல்பினின் சிறுவயது மகளுக்கு மூளையில் புற்றுநோய்க் கட்டி வந்தபோது, கவசம் செய்வோரும் எந்திரம் செய்வோரும் சேர்ந்து அச்சிறுமிக்காக இளஞ்சிவப்பு நிற எந்திரத் தோழியை உருவாக்க முன்வந்தனர். 2005இல் அச்சிறுமி இளஞ்சிவப்பு நிற எந்திரம் ஒன்றைக் கட்டியணைத்து மகிழ்ந்தாள். அதே ஆண்டில் மறைந்தாள். அவளுக்காக உருவான எந்திரத் தோழி பிற குழந்தைகளைக் காணச் செல்கிறது. பசையும் சாயமும் அவளுடைய நோயைத் தீர்க்கவில்லை. ஆனால், தனக்காகப் பலர் இரவு பகலாக உழைத்தார்கள் என்பதை அவள் கண்ணாரக் கண்டாள்.

மழையில் கவசத்தை இழந்த மாணவனிடம் திரும்புவோம். அவனிடம் இப்போதும் பணம் இல்லை. ஆனால், தம்பி வளர்ந்துவிட்டதால் மூலையில் சுருட்டிக் கிடக்கும் நுரைப்பாய் இருக்கிறது. இம்முறை அவன் முதலில் எடுப்பது கத்தியை அன்று, அளவு நாடாவை. அடுத்த போட்டியன்றும் மழை பெய்யலாம். நனைந்த தோளைத் துண்டால் துடைத்துவிட்டு அவன் மேடையேறுவான்.