பஜ்ஜிச் சட்டிக்கு எட்டாத வெயில்

பரளச்சிக்குக் கிழக்கே, கமுதியை அடுத்த செங்கப்படையில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பலகைகள். அங்கே பிடித்த வெயில் கம்பி வழியே ஊர் ஊராகப் போகிறது. பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைத் தள்ளுவண்டிகளிலோ எரிவது மானியமில்லாத 19 கிலோ சிலிண்டர், இல்லாவிட்டால் சீமைக்கருவேல விறகு. தலைக்கு மேல் இலவசமாகக் காயும் வெயிலை அடுப்பில் இறக்க முடியாதா?

முடியும் என்று 1870களிலேயே பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி காட்டினார். எட்டுப் பட்டையாகக் கண்ணாடிகளைப் பொருத்தி, ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாட்டை இரண்டு மணி நேரத்தில் வேகவைத்ததாக எழுதியிருக்கிறார். 1950களில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் ஒரு சூரிய அடுப்பை வடிவமைத்தது. மக்கள் வாங்கவில்லை.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. இட்லிக் கடை விடியுமுன்னே சூடாகிவிடும். வடை, பஜ்ஜிக்கு நாலு மணிக்கு மேல்தான் கூட்டம். பரோட்டாக் கல்லுக்கு இருட்ட வேண்டும். சூரிய அடுப்பு முழு வேகத்தில் இருக்கும் பத்து முதல் மூன்று மணிவரை சித்திரை மாதத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே குறைவு.

அடுத்தது சூடு. கறுப்பு உள்தட்டும் கண்ணாடி மூடியும் கொண்ட பெட்டி அடுப்பில் 100 முதல் 140 டிகிரி கிடைக்கும். பஜ்ஜி எண்ணெய்க்கு 170 வேண்டும். குடை கவிழ்த்தது போன்ற 1.4 மீட்டர் வட்டில் அடுப்பு பொரிக்கும்தான். ஆனால் நல்ல வெயிலிலும் சுமார் 600 வாட்தான் தரும். கடைப் பர்னரின் வேகம் அதைப்போலப் பல மடங்கு. சூரியன் நகர நகர வட்டிலையும் திருப்ப வேண்டும். கண்கூசும் அந்த ஒளியைப் பேருந்து நிறுத்தத்தருகே வைத்தால் பைக்கில் வருகிறவர் திட்டாமல் போகமாட்டார்.

சூரியச் சமையல் ஜெயித்த இடங்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். திருமலையில் 2002-ல் 106 வட்டில்களை மாடியில் நிறுத்தி, 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் நீராவி எடுத்தார்கள். ஆரோவில் சமையற்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் அகலக் கிண்ணமே இருக்கிறது. இரண்டிலும் வேலை அவிப்பதும் வேகவைப்பதும். மேகம் மூடினால் கைகொடுக்க எரிபொருள் கொதிகலனும் உண்டு. தள்ளுவண்டிக்கு மாடி ஏது?

வெயிலை மின்சாரமாக்கி வண்டியிலேயே சேமிக்கும் வழியைத் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் எடுத்தார். கரிப்பெட்டிக்குப் பதில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் அவரது இஸ்திரி வண்டி, 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச்சுற்றுவரை போனது. சமையலுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. வண்டிக்கூரையில் 250 வாட் பலகை போட்டால் நாளுக்கு ஒரு யூனிட் கிடைக்கும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் அதை அரை மணியில் தின்றுவிடும். விளக்குக்கும் மிக்ஸிக்கும் போதும், வாணலிக்குப் போதாது.

ஆகவே வண்டியில் அடுப்பை ஏற்றும் யோசனையை விட்டுவிட்டு, வீட்டு முற்றத்தைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். கரிசல் பக்கத்து மாலைத் தீனியில் பாதி அவியல் சரக்கு: சுண்டல், தட்டப்பயறு, அவித்த கடலை, தை மாதப் பனங்கிழங்கு. ஊறவைத்த மூக்குக்கடலையைப் பத்தரை மணிக்குப் பெட்டிக்குள் வைத்தால் பிற்பகலில் வெந்திருக்கும். அடிப்பிடிக்காது, பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். சாயங்காலம் வண்டியில் தாளிக்க மட்டும் கேஸ். கூழ் வண்டிக்காரருக்கும் இது தோதுதான்: இன்று பகலில் கேப்பையைக் காய்ச்சி, இரவு புளிக்கவிட்டு, நாளை விற்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைப் பரணில் போட வேண்டியதுதான்.

ஆனாலும் போட்டி கடுமை. இந்த வட்டாரமே கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்கும் பூமி. முள் விறகுக்கு உடம்பு நோவுதான் பெரும்பாலும் விலை. பெட்டி அடுப்புக்கோ சில ஆயிரங்களை முன்னால் எடுத்து வைக்க வேண்டும். 2020-ல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டம் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் தந்தது. அது நகரத் தெரு வியாபாரிகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம். அருப்புக்கோட்டை நகராட்சிக்குள் வண்டி தள்ளுகிறவர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஊராட்சியில் கடை போடுகிறவருக்கு மகளிர் குழுக் கடன்தான் கிட்டத்து வழி.