சத்துமாவு அரைக்கத் தெரியும்; விலை போடத் தெரியுமா?

மனையியல் துறை மாணவிகள் கல்லூரி வளாகத்தில் போடும் விற்பனைக் கண்காட்சிக்குப் போனால் பை நிறைய வாங்காமல் திரும்ப முடியாது. கம்பு லட்டு, முருங்கைக்கீரைப் பொடி, ராகி பிஸ்கெட், ஆரி வேலை செய்த பிளவுஸ், சணல் பை எல்லாம் இருக்கும். மதியத்துக்குள் மேஜை காலியாகிவிடும். லாபம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்புதான் பதில். மாவு வீட்டிலிருந்து வந்தது, அடுப்பு கல்லூரியுடையது, கூலி யாருக்கும் இல்லை.

மனையியல் படித்தவர்களைத் தொழில்முனைவோர் ஆக்குவது பற்றிப் பேச ஆரம்பித்தால் கடன், மானியம், இயந்திரம் என்றுதான் பேச்சு போகிறது. கடனுக்குப் பஞ்சமில்லை. முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை வாங்கலாம். சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் என்று வைத்தார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடித்துவிட்டால் கடையேறத் தயார். ஆனால் அதே பாக்கெட்டில் எம்.ஆர்.பி. என்று ஒரு கட்டம் இருக்கிறதே, பல பேர் சறுக்குவது அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சத்துமாவுக்கு ராகி, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, கொஞ்சம் பாதாம், ஏலக்காய் எல்லாம் சேர்த்து 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மில்லில் அரைக்க 15, பாக்கெட்டும் லேபிளும் 20. மொத்தம் 195. விற்பது 250 ரூபாய்க்கு. ஆகா, 55 ரூபாய் லாபம்!

இனி விட்டுப்போனதைச் சேருங்கள். முளைகட்டி, காயவைத்து, வறுத்து, சலித்து எடுக்கும்போது எடை குறையும். பத்தில் ஒரு பங்கு போனாலே சரக்குச் செலவு 178 ஆகிவிடும். கேஸுக்கு 8 ரூபாய். மிஞ்சுவது 29. கிலோவுக்கு ஒரு மணி நேர உழைப்பு என்றால், பட்டம் வாங்கிய பெண்ணுக்கு மணிக்கு 29 ரூபாய் கூலி. நாள் முழுக்க எட்டு மணி நேரம் வறுத்தாலும் 232 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போனால்கூட இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இதில் கடைக்காரர் 20 சதவீத கமிஷன் கேட்டால் 50 ரூபாய் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு கிலோவுக்கும் கைக்காசு 21 ரூபாய் கரையும். விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும்.

இத்தனைக்கும் கணக்கு வராத பிள்ளைகள் இல்லை இவர்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகளின் சத்து விவரம் இருக்கிறது. அதை வைத்து ஒரு கர்ப்பிணியின் ஒரு நாள் உணவில் இரும்புச்சத்து எத்தனை மில்லிகிராம் என்று தசமப்புள்ளி வரை போட்டுவிடுவார்கள். தன் உழைப்பைக் கணக்கில் எழுதும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது.

காரணம் பாடத்திட்டம் மட்டுமல்ல, வீடும்தான். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்கிறது 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு. அந்த 289 நிமிடத்துக்கு எந்த நோட்டிலும் வரவு எழுதுவதில்லை. அதே கை, அதே அடுப்பில் விற்பனைக்கு மாவு வறுக்கும்போதும் நேரம் இலவசம் என்றே மனசு பழகியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பிளவுஸ் துணியோடு வந்து, "நம்ம பொண்ணுதானே, பார்த்துப் போட்டுக்கம்மா" என்று சொன்னால் தையற்கூலி பாதியாகிவிடுகிறது. வேறு எந்தத் தொழில் படிப்பு படித்தவரிடமும் இப்படிப் பேரம் பேச நமக்கு வாய் வருமா?

வேலைக்குப் போகிறவர்கள் நிலை கொஞ்சம் தேவலை. மருத்துவமனை உணவியல் நிபுணர் ஆக எம்.எஸ்ஸி., உள்ளகப் பயிற்சி, இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வு என்று பாதை தெளிவாக இருக்கிறது. 2021-இல் வந்த துணைமருத்துவத் தொழில்கள் சட்டமும் அவர்களைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கோவையில் 1957-இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தூரம். மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி இன்று சமுதாய அறிவியல் கல்லூரி. பெயர்ப்பலகைகள் மாறிவிட்டன, விலைச்சீட்டுதான் மாறவில்லை.

தொழில்முனைவுப் பாடம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள் பேராசிரியர்கள். உண்மைதான். ஆனால் அதில் தொழில்முனைவோரின் பண்புகள் யாவை என்பதற்குப் பத்து மதிப்பெண். ஒரு பாக்கெட்டுக்கு விலை போட்டுக் காட்டச் சொல்லும் கேள்வி அபூர்வம்.

புதுத் திட்டமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. செய்முறைப் பதிவேட்டில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி, புரதம் எழுதும் பக்கத்தின் கீழே மூன்று வரி கூட்டினால் போதும்: செய்ய எத்தனை மணி நேரம், மணிக்கு என் கூலி எவ்வளவு, இவை சேர்ந்த விற்பனை விலை என்ன. கூலி வரியை வெறுமையாக விட்டால் மதிப்பெண் கிடையாது என்று ஒரே ஒரு செமஸ்டர் சொல்லிப் பாருங்கள். அடுத்த கண்காட்சியில் கம்பு லட்டு விலை ஏறியிருக்கும். வாங்குகிற நாம் முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டு வர வேண்டும்.