பெயர் சொல்லும் வரைபடம்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை உலகப் படத்தில் எப்படிக் குறிப்பது? வடக்கு 9.9 பாகை, கிழக்கு 78.1 பாகை என்றால் மதுரை நகரம் தெரியும், நிலையம் தெரியாது. ஓர் அட்சப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் அல்லவா? ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களாவது வேண்டும். ஜி.பி.எஸ். கருவி குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் குறிப்புகளைப் பெற்று இவற்றைக் கணக்கிட்டுத் தருகிறது.

ஆனால் அந்த இடம் யாருக்கு எதற்காக முக்கியம் என்பதைக் கருவி அறியாது. அதை அங்கு வாழ்வோரே அறிவர்.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலைகளில் வாழும் சோலிகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் அக்காடு சரணாலயமானபோது பலர் உள்ளிருந்து வெளியேற்றப்பட்டனர். பின்னாளில் சோலிக முதியோர் வழிகாட்ட, 'ஏட்ரீ' ஆய்வு நிறுவனத்தார் கருவியுடன் உடன் நடந்தனர். தெய்வ இடங்கள், ஊற்றுகள், முன்னோர் கற்கள் என 400-க்கும் மேற்பட்ட இடங்கள் சோலிகப் பெயர்களுடனேயே படத்தில் ஏறின. வெற்றுக் காடு எனப்பட்டது வாழ்ந்த நிலம் என்பதற்கு இது சான்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2011-இல் அவர்களது சமூக உரிமைகள் ஏற்கப்பட்டன.

நமக்கு மேற்கே பழனி மலைகளில் பளியர் வாழ்கின்றனர். இத்தகைய பணியில் பயிற்சி பெற விரும்பும் மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். தேன்கூடுள்ள பாறையைப் படத்தில் காட்டினால் திருடனுக்கும் வழி தெரிந்துவிடும். எதைக் குறிப்பது, எதை மறைப்பது என்பதை ஊரார் முடிவு செய்யட்டும். அதைக் கேட்டறிந்த பிறகே கருவியை இயக்குங்கள்.