அறையை அளந்து கட்டிலை வாங்குவோம்

வீட்டில் உள்ள பொருள்களில் நாம் மிக அதிக நேரம் பயன்படுத்துவது கட்டில். நாளின் மூன்றில் ஒரு பங்கு அதன் மீதுதான் கழிகிறது. ஆயினும், வாங்கும்போது நாம் மிகக் குறைவாக யோசிப்பதும் அதைப் பற்றித்தான். கைப்பேசி வாங்குவதற்குப் பத்து நாள் ஆராய்பவர்கள்கூட, கட்டிலைக் கடையில் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். கடையின் விசாலமான கூடத்தில் அடக்கமாகத் தோன்றிய அந்தக் கட்டில், வீட்டுக்கு வந்ததும் அறையையே விழுங்கிவிடுகிறது.

கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், மக்கள் குடியேறிய பிறகு அவர்களின் வீடுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. வரைபடத்தில் காற்றோட்டத்துடன் தெரிந்த படுக்கையறைகளில், பக்கவாட்டில் ஒருக்களித்து நடக்கும் மனிதர்களைப் பார்க்கிறேன். பீரோவின் ஒரு கதவு மட்டுமே திறக்கிறது. ஜன்னலைச் சாத்தக் கட்டில் மீது ஏற வேண்டியிருக்கிறது. 'அறை சிறியது' என்று அவர்கள் குறைப்பட்டுக் கொள்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அறை சிறியதல்ல, கட்டில்தான் பெரியது.

நம் முந்தைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. கோரைப் பாயை இரவில் விரித்து, காலையில் சுருட்டி மூலையில் சாத்தினார்கள். இரவில் ஐந்து பேர் உறங்கிய இடம், பகலில் சாப்பிடும் இடமாகவும், பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் மாறியது. கட்டில் என்பது பெரும்பாலும் வீட்டின் முதியவருக்கோ நோயாளிக்கோ உரியது. கயிற்றுக் கட்டிலை வேண்டாதபோது தூக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். இன்றைய கட்டிலோ இருபத்து நான்கு மணி நேரமும் அதே இடத்தில் நிற்கிறது. எனவே, 'எத்தனை பேர் படுக்கலாம்' என்பதோடு, 'அறையில் எவ்வளவு இடத்தை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கப் போகிறோம்' என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வசிப்பறை ஒன்று மட்டுமே உள்ள வீட்டில் அதன் பரப்பு 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஏறத்தாழ 102 சதுர அடி. அதாவது, நாம் பேச்சுவழக்கில் 'பத்துக்குப் பத்து' என்று சொல்லும் அறை. இரண்டு அறைகள் இருந்தால், இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 81 சதுர அடி வரை இருக்கலாம். இவை குறைந்தபட்ச அளவுகள். ஆனால், நடுத்தரக் குடும்பத்தின் அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறைகள் பலவும் இந்த எல்லையை ஒட்டியே அமைகின்றன.

கடைகளில் விற்கப்படும் மெத்தைகளின் அகலம் பொதுவாக நான்கு வகை. ஒருவர் படுப்பது 36 அங்குலம். சிறிய இரட்டைக் கட்டில் 48 அங்குலம். 'குயின் சைஸ்' 60 அங்குலம். 'கிங் சைஸ்' 72 அங்குலம். நீளம் 72, 75, 78 அங்குலம் என மாறுபடும். பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்க அளவில் 'கிங்' என்பது 76 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்டது. வெளிநாட்டு வடிவில் கட்டிலை வாங்கிவிட்டு, உள்ளூர் மெத்தையை அதில் பொருத்த முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. பெயரைக் கேட்காமல் அங்குலத்தைக் கேட்பதே பாதுகாப்பு.

இனி, 39 சதுர அடி பிடிக்கும் 'கிங்' மெத்தை ஒன்றைப் பத்துக்குப் பத்து அறையில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். மெத்தையின் அகலம் 72 அங்குலம். கட்டிலின் சட்டம் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் என்றால் மொத்தம் 76 அங்குலம். அறையின் அகலம் 120 அங்குலம். ஒரு பக்கச் சுவர் முழுக்க 24 அங்குல ஆழமுள்ள அலமாரி இருக்கிறது. எஞ்சுவது 20 அங்குலம் மட்டுமே. அதுவும் கட்டிலை எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போட்டால்தான். அலமாரிக் கதவைத் திறந்தால் அந்த 20 அங்குலத்தில் ஆள் நிற்க இடமிருக்காது. 'குயின்' கட்டில் என்றால் 32 அங்குலம் மிஞ்சும். 48 அங்குல மெத்தை என்றால் 44 அங்குலம் மிஞ்சும். ஒருவர் இயல்பாக நடக்கக் குறைந்தது 24 அங்குலம் வேண்டும். குனிந்து நிமிர்ந்து அலமாரியைப் பயன்படுத்த 30 அங்குலமாவது வேண்டும். ஆகவே, இத்தகைய அறைக்கு 60 அங்குலமே மேல் எல்லை. 81 சதுர அடி அறையிலோ, 'கிங்' மெத்தை ஏறக்குறைய பாதித் தரையை எடுத்துக்கொள்ளும்.

இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கட்டிலைக் குறுக்கிக்கொண்டே போவதும் சரியல்ல. 48 அங்குல மெத்தையில் இருவர் படுத்தால் தலைக்கு 24 அங்குலம். குழந்தைத் தொட்டில் மெத்தையே 28 அங்குல அகலத்தில் விற்கப்படுகிறது. அதைவிடக் குறைந்த இடத்தில் இரு பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக உறங்க முடியாது. நீளத்தைப் பொறுத்தவரை, படுப்பவரின் உயரத்தைவிட அரையடி கூடுதலாக இருக்க வேண்டும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவருக்கு 72 அங்குல மெத்தை போதாது. 75 அல்லது 78 அங்குலம்தான் பொருந்தும்.

இவ்வளவு எளிய கணக்கை ஏன் நாம் போடுவதில்லை? கட்டில் நம் சமூகத்தில் உறங்கும் பொருள் மட்டுமல்ல, காட்சிப் பொருளாகவும் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கட்டில், பீரோ, மெத்தை ஆகியவை பல குடும்பங்களில் சீர்வரிசையின் தவிர்க்க முடியாத அங்கங்கள். அவற்றை வாங்குபவர் பெண்ணின் தந்தை. பார்த்து மதிப்பிடுபவர்கள் உறவினர்கள். பயன்படுத்தப் போகிறவர்கள் மணமக்கள். மணமக்கள் குடியிருக்கப் போகும் அறையின் அளவை இதில் யாரும் கேட்பதில்லை. 'சிறிய கட்டில் கொடுத்தார்கள்' என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில், கடன் வாங்கியாவது பெரிய கட்டிலை வாங்கி அனுப்புகிறார்கள். அது மாடிப்படித் திருப்பத்தில் சிக்கி, கழற்றி ஏற்றப்பட்டு, அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடன் ஒரு வீட்டில், இட நெருக்கடி இன்னொரு வீட்டில். அந்தப் பணத்தை மணமக்களிடமே கொடுத்து, அவர்கள் அறைக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ளச் சொல்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இட நெருக்கடியைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். முதியவர் உள்ள வீட்டில் தவறான கட்டில் ஆபத்தாகவே முடியும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6.84 லட்சம் பேர் கீழே விழுவதால் உயிரிழக்கிறார்கள் என்றும், விழுந்து இறப்பவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் பத்து சதவீதத்துக்கும் மேல் இருந்தனர். இரவில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, இருட்டில் கட்டில் முனைக்கும் பீரோவுக்கும் இடையிலான இடுக்கு வழியே கழிப்பறைக்குச் செல்லும் முதியவருக்கு, அந்த இருபது அங்குலப் பாதை எந்த நேரமும் இடறிவிடக்கூடியது.

அகலத்தைப் போலவே உயரமும் முக்கியம். கட்டிலின் விளிம்பில் உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் செங்கோணமாக மடங்க வேண்டும். பொருள்களை வைக்கும் பெட்டிக் கட்டில்கள் இன்று பெருகிவிட்டன. பெட்டி 14 அங்குலம், மெத்தை 8 அங்குலம் எனில், உயரம் 22 அங்குலம் ஆகிவிடும். ஐந்தடி உயரமுள்ள மூதாட்டியின் கால் அதில் தரையைத் தொடாது. இறங்கும்போது சறுக்கித்தான் இறங்க வேண்டும். மிகத் தாழ்வான கட்டிலோ, மூட்டுவலி உள்ளவரை எழவே விடாது. முதியவரின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்புறம் அவரைப் படுக்க வைப்பதும் தவறு. பராமரிப்பவர் அணுகுவதற்கு ஒரு பக்கமாவது மூன்றடி இடைவெளி வேண்டும். சக்கர நாற்காலி செல்ல மூன்றடிப் பாதையும், திரும்ப ஐந்தடி இடமும் தேவை. முதுமையை எதிர்நோக்கும் தம்பதியர், ஒரே பெரிய கட்டிலுக்குப் பதிலாக மூன்றடிக் கட்டில்கள் இரண்டை இணைத்துப் போட்டுக்கொள்வது நல்லது. தேவைப்படும் நாளில் பிரித்துக்கொள்ளலாம்.

சங்க இலக்கியமான நெடுநல்வாடை, பாண்டிமாதேவி படுத்திருக்கும் தந்தக் கட்டிலை விரிவாக வர்ணிக்கிறது. அந்தக் கட்டிலுக்கு வருவதற்கு முன்பே, நூல் கற்ற வல்லுநர்கள் கயிறு பிடித்துத் துல்லியமாக அளந்து அரண்மனையை வகுத்ததை அது சொல்லிவிடுகிறது. முதலில் அளவு, பிறகு அலங்காரம் என்ற அந்த வரிசையை நாமும் பின்பற்றலாம்.

அளப்பதற்கு வல்லுநர் யாரும் தேவையில்லை. விற்பனைக் கையேட்டில் உள்ள அளவை நம்பாமல், பூச்சு வேலை முடிந்த சுவரிலிருந்து சுவர் வரை நாடாவால் அளக்க வேண்டும். அறைக் கதவும் அலமாரிக் கதவும் திறக்கும் வீச்சைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைய வேண்டும். வடக்கே தலை வைப்பதில்லை என்ற வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள், தலைமாட்டுச் சுவரை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிறகு, வாங்க நினைக்கும் கட்டிலின் அளவுக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்துவிட்டு, இரண்டு நாள்கள் அதை மிதிக்காமல் அறையில் நடமாடிப் பாருங்கள். பீரோவைத் திறங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், நள்ளிரவில் எழுந்து கழிப்பறைக்குச் செல்லுங்கள். காகிதத்தில் கால் படுகிறதென்றால், ஓர் அளவு குறைத்துக்கொள்வதே விவேகம். வாசல், மின்தூக்கி, படிக்கட்டுத் திருப்பம் ஆகியவற்றையும் அளந்துவிட்டுக் கடைக்குச் சென்றால், விற்பனையாளரின் பேச்சு நம்மை அசைக்காது.

சதுர அடிக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து, இருபது ஆண்டுத் தவணையில் வீடு வாங்குகிறோம். அப்படி வாங்கிய தரையை, உட்கார்ந்து படிக்கவும், குழந்தை தவழவும், முதியவர் தடுமாறாமல் நடக்கவும் உதவாதபடி மரப்பலகையால் மூடிவிடுவது எவ்வகையிலும் சிக்கனமாகாது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள் பெரியோர். அறைக்குத் தக்க கட்டில் என்பதும் அதே அறிவுதான்.