உப்பு நீரில் மிதக்கும் நன்னீர்

இலங்கையின் வடமுனையில் உள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தேசப்படத்தில் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தோடு அதன் ஓட்டமும் நின்றுவிடும். சுற்றிலும் கடல், போதாததற்கு நிலத்தின் நடுவே உப்புநீர் ஏரிகள். ஆயினும் அங்கே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செழித்து விளைகின்றன. இவற்றுக்கெல்லாம் தண்ணீர் ஏது? கிணற்றிலிருந்துதான்!

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தது அது. மழைநீர், கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெடிப்புகள் அகன்று குகைகளாகின்றன. வடகிழக்குப் பருவமழை இவற்றின் வழியே கீழிறங்கித் தங்குகிறது.

ஆனால் கடல்நீரும் பக்கவாட்டில் இதே கல்லுக்குள் புகுமல்லவா? புகத்தான் செய்கிறது. ஆயினும் நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. யு வடிவக் குழாயில் நீரை ஊற்றி, ஒரு புயத்தில் மட்டும் 10 செ.மீ. உயரத்துக்கு மண்ணெண்ணெய் விடுங்கள். மறு புயத்தில் சுமார் 8 செ.மீ. நீரே அதைத் தாங்கும். இங்கும் அதே கதைதான். நன்னீர் ஒரு கன மீட்டர் 1000 கிலோகிராம், கடல்நீர் 1025. 41 மீட்டர் நன்னீர்த் தம்பமும் 40 மீட்டர் கடல்நீர்த் தம்பமும் ஒரே அழுத்தம் தரும். ஆகவே கடல் மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை அது இறங்கியிருக்கலாம். ஹாலந்து நாட்டு கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் கண்ட விதி இது. உண்மையில் இரண்டுக்கும் இடையே கலங்கிய உவர்நீர்ப் பட்டை ஒன்றும் இருக்கும்.

புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடியே இல்லாதது என்பது ஊர்ப் பேச்சு. அடி உண்டு! மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். நாம் சொன்ன விதிக்கு நல்ல சாட்சி.

இந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு. கிணற்று மட்டம் 10 செ.மீ. தாழ்ந்து அப்படியே நின்றால், அடியிலுள்ள உப்புநீர் மெல்ல மெல்ல 4 மீட்டர் வரை மேலேறக்கூடும். முன்பு துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்தார்கள். ஆள் களைத்ததும் இறைப்பு நிற்கும்; கிணறும் ஊறிக்கொள்ளும். பம்பு களைப்பதில்லை. அதைக் குறை கூறுவதும் முறையன்று. வெயிலில் துலா மிதித்தவருக்கு அது பெரும் வரம். ஆனால் அளவின்றி இறைத்தால் கிணறு உவராகும். மறுபடி நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும். வெடிப்புள்ள கல்லாதலால், தோட்டத்துக்கு இட்ட உரமும் எளிதில் கீழிறங்குகிறது. கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் மிகுந்திருக்கிறது.

இதனால்தான் அங்கே குளங்களைத் தூர் எடுப்பது வயலுக்காக மட்டுமன்று. தொண்டைமானாற்றில் கடல்நீரைத் தடுக்கக் கதவணையும் கட்டியிருக்கிறார்கள். தேங்கும் மழைநீரால் பக்கத்துக் கிணறுகளில் நிலையாக 5 செ.மீ. மட்டம் கூடினால், அடியில் உப்பின் எல்லை எவ்வளவு இறங்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.