பாதிக் கிணறு... போதும் சார்!

அமெரிக்காவிலிருந்து லீவில் வருகிற நண்பர்களில் இரண்டு ரகம் உண்டு. சாக்லேட் கொண்டு வருகிறவர்கள் ஒரு ரகம். புதுசாக ஏதாவது பைத்தியத்தைக் கொண்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். என் ராசிபுரத்து நண்பன் இரண்டாவது ரகம். இந்தத் தடவை அவன் கொண்டு வந்தது, வீட்டிலேயே பீர் காய்ச்சும் பைத்தியம்!

"மாப்ளே, கடையில வாங்கிக் குடிக்கறதெல்லாம் ஓல்டு ஃபேஷன். நான் என் கிச்சன்லயே காய்ச்சறேன்" என்றான், எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்தபடி.

"போலீஸ் வராதா?"

"அங்கே தப்பே இல்லடா. 1978-லயே ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு!"

நிஜம்தான். 1979 பிப்ரவரியிலிருந்து அங்கே மத்திய அரசின் வரிச் சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரை, வரி கட்டாமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக் கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. நம்மூரில் சீமெண்ணெய்க்குக்கூட அவ்வளவு தாராளமாக அளந்ததில்லை!

"அதுக்கு ஃபேக்டரி மாதிரி அண்டாவெல்லாம் வேணுமே?"

"அதான் இல்லே. நான் பண்றது பாதி வேலை" என்று ஆரம்பித்தான். கம்ப்யூட்டர் ஆசாமி. விளக்குவதில் புலி.

பீருக்கு அடிப்படை, முளைக்கட்டிக் காய வைத்த பார்லி. அதுதான் மால்ட். அதை உடைத்து 65 டிகிரியையொட்டிய சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், முளைவிடும்போது தானியத்துக்குள் உருவான என்சைம்கள் மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். 20 லிட்டர் பீருக்கு முழுசாக இப்படிச் செய்ய ஐந்து கிலோ மால்ட்டும் பெரிய பெரிய பாத்திரங்களும் வேண்டும். அபார்ட்மென்ட் அடுப்புக்கு இது ஆகாது. அதனால் இரண்டு கிலோ மால்ட்டை மட்டும் துணி மூட்டையாகக் கட்டிச் சாதாரணப் பாத்திரத்தில் ஊறப் போடுவார்கள். மீதி இனிப்புக்குக் கடையில் விற்கும் மால்ட் பாகை ஊற்றுவார்கள். பிறகு கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் தூவி மூடி வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் பீர்!

உள்ளே அரிசி புடைத்துக் கொண்டிருந்த என் அம்மாயிக்கு எண்பத்தைந்து வயசு. காது மட்டும் இருபத்தைந்து.

"இதென்ன கண்ணு பெரிய வித்தை? ராகியை மொளைக்கட்டி மாவாக்கிக் கஞ்சியில போட்டா, கெட்டிக் கஞ்சி தண்ணியா எளகும், இனிக்கும். உங்கம்மாவுக்கு அதான் ஊட்டினேன்!"

நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மாயி சொன்னதும் அதே என்சைம் வேலைதான். குழந்தைகளின் கஞ்சியில் சத்தை ஏற்ற, மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையமே முளைக்கட்டிய ராகியை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறது.

ஒரு சொம்பு சூடு, ஒரு சொம்பு பச்சை

உடனே சோதனை. பார்லிக்கு எங்கே போவது? மாவுச் சத்துக்குத்தான் நம் பக்கம் பஞ்சமே இல்லையே! ஆத்தூரிலிருந்து நாமக்கல் வரை குச்சிக்கிழங்கும் ஜவ்வரிசியும்தான். இரண்டாம் உலகப் போரில் மலேயா சரக்கு நின்றுபோக, 1943-ல் சேலம் மாணிக்கம் செட்டியார் தொடங்கி வைத்த தொழில். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது.

ராகியை ஒரு ராத்திரி ஊற வைத்து, இரண்டு நாள் துணியில் கட்டி முளைக்க விட்டு, வெயிலில் காய வைத்து அரைத்தோம். வறுக்கக் கூடாது என்பது முக்கியம். வறுத்தால் என்சைம் காலி!

தெர்மாமீட்டர் இல்லை. இங்கேதான் என் பி.காம். மூளை வேலை செய்தது. கொதிக்கும் ஜவ்வரிசிக் கூழ் 100 டிகிரி. நம்மூர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. இரண்டையும் சமமாகக் கலந்தால் சராசரி 65! ஆகவே ஒரு சொம்பு கூழில், ராகி மாவு கரைத்த பச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு. ஒப்பிட்டுப் பார்க்க, மாவு கலக்காத பாத்திரம் ஒன்று. இரண்டையும் பழைய கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தோம்.

பிரித்துப் பார்த்தால், மாவு கலக்காதது பசை மாதிரி கொழகொழவென்று இருந்தது. கலந்தது ரசம் மாதிரி இளகி, தொட்டு நக்கினால் இனிப்பு! மேலே தெளிந்ததில் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விட்டு டிங்சர் அயோடின் வைத்தோம். மாவுச் சத்து இருந்தால் கருநீலம் காட்டும். கலக்காதது இங்க் மாதிரி ஆனது. கலந்ததில் நீலம் வெளிறிப் பழுப்பாக நின்றது. (அயோடின் பட்ட தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், குடித்துத் தொலைக்காதீர்கள்!)

"பாதிக் கிணறு தாண்டியாச்சு மாப்ளே!" என்று நண்பன் தோள்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தான். ஈஸ்ட்!

சட்டம் பிறந்த ஊர்

நான் அவன் கையைப் பிடித்தேன். காரணம் இருக்கிறது. இந்தியாவில் மதுவிலக்குச் சட்டம் கால் வைத்த முதல் இடங்களில் ஒன்று, நாம் உட்கார்ந்திருந்த இந்தப் பூமி. மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி (அன்றைக்கு முதல்வருக்கு அதுதான் பெயர்) 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில்தான் அதை ஆரம்பித்தார். இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலத்துக்குள்தான். அதற்கும் முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் நம்ம கல்கி!

அப்புறம் கணக்குப் பாடம். மது வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி பிறந்தது. காமர்ஸ் கிளாஸில் அந்த வரியைப் படித்துத் தலையைப் பிய்த்துக் கொண்டபோது, அதன் வேர் சேலத்துக் கள்ளுக்கடையில் இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை!

மதுவிலக்கு எத்தனையோ தடவை போனது, வந்தது. 2003-லிருந்து சில்லறைக் கடையை அரசாங்கமே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. ஆனால் 1937 சட்டம் சாகவில்லை. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது மட்டுமல்ல, அதற்கென்று சாமான்களை வைத்திருப்பதே குற்றம். கடையில் வாங்கலாம், வீட்டில் காய்ச்சக் கூடாது!

"தானியத்தைப் புளிக்க வெச்சா ஆளைக் கொல்ற விஷமெல்லாம் வராதுடா" என்றான் நண்பன். வாஸ்தவம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, சாராயத்தில் கலந்த மெத்தனால். சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கும் பலரைக் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. 'இது பார்லி சார், அது மெத்தனால் சார்' என்று ஸ்டேஷனில் கெமிஸ்ட்ரி வகுப்பா எடுக்க முடியும்?

அவன் முனகிக் கொண்டிருந்தபோது அம்மாயி வந்து உட்கார்ந்தாள். அதுவரை சிரித்துக் கொண்டிருந்தவள், சொம்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"இனிக்கிற வரைக்கும் வெச்சுக்க கண்ணு, புளிக்க விடாதே. எழுபத்தொண்ணுல சாராயக் கடை தொறந்தாங்களே, அப்பத்தான் உங்க அப்புச்சி அரை ஏக்கராவைக் குடிச்சாரு. மொதல்ல மோட்டார் போச்சு. அப்புறம் கெணறு போச்சு."

அந்தக் கிணற்றை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயசில், யாரோ ஒருவருடைய வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.

நண்பன் பாக்கெட்டைப் பேசாமல் கீழே வைத்தான்.

இனிப்புத் தண்ணீரை வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். அமெரிக்கக்காரன் இரண்டாவது டம்ளர் கேட்டான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஈஸ்ட் என்ன ஆச்சு என்கிறீர்களா? அம்மாயி விசாரித்தாள்: "மாவைப் பொங்க வெக்குமா இது?" மறுநாள் காலை எங்கள் வீட்டில் ஆப்பம். பஞ்சு!